'நடவுங்கோ' என்றால் போதாது, படலைக்கு ஓர் ஆள் வரவேண்டும்

வடக்கு மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆகியோருக்கும், யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர்களுக்கும், எங்கள் ஊர்களின் சனசமூக நிலையங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும்.

வணக்கம்.

என் கிளினிக் கொப்பியில் "நடைப்பயிற்சி, தினமும் 30 நிமிடம்" என்று ஏழு தரம் எழுதியிருக்கிறது. ஏழும் வேறு வேறு கையெழுத்து. எழுதிய டொக்டர்மார் எல்லோரும் அக்கறையோடுதான் எழுதினார்கள். வெளியே நூறு பேர் வாங்கில் காத்திருக்கும்போது ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அவர்களால் கொடுக்க ஏலாது. அந்த நேரத்துக்குள் சீனி பார்த்து, பிறசர் பார்த்து, குளிசையைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் "நடவுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஓட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் போனது.

நான் ஒன்றும் தெரியாதவள் அல்ல. இந்த மாவட்டத்தில் 33 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, பழைய பேச்சில் மருத்துவிச்சியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளில்தான் என் பிரிவு முழுக்கச் சுற்றினேன். நடந்தால், கால் கை அசைத்தால் சீனி குறையும் என்பதை எத்தனையோ தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன். வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சீனியைத் தானாகவே இழுத்துக்கொள்ளும், இன்சுலின் குறைவாக இருந்தாலும் இழுக்கும். இவ்வளவும் தெரிந்த எனக்கே படலையைத் திறந்துகொண்டு காலையில் நடக்க வெளிக்கிட முடியவில்லை. தெரிந்தவளுக்கே இப்படி என்றால் மற்றவர்களின் நிலை என்ன என்று யோசித்ததில்தான் இந்த மடல் தொடங்கியது.

ஏன் வெளிக்கிட முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் வேகமாகக் கடந்து போகிறார்கள்.

முதலாவது நாய். எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம் ஐந்து ஆறு நாய் படுத்திருக்கும். தனியாகப் போகிற ஆளைத்தான் அவை கலைக்கும். அடுத்தது மோட்டார் சைக்கிள். ஒழுங்கைக்குள் பெடியள் ஓடுகிற வேகத்துக்கு ஒதுங்கி நிற்க ஓரமே கிடையாது, மதிலும் மதிலும் முட்டிக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் தாலிக்கொடியோடு இருட்டில் தனியே நடக்கப் பயம். உடுப்பும் ஒரு பிரச்சினைதான். சேலையோடு வேகமாக நடக்க ஏலாது, வீட்டுச் சட்டையோடு றோட்டுக்கு ஏறக் கூச்சம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "என்ன மிஸ், எங்க விடியக்காலமை?" என்று படலைக்குப் படலை கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு படலையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற நினைப்பே ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கும். கணவன் இல்லாத பெண்களுக்கு இது இன்னும் பாரம். போருக்குப் பிறகு தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எங்களிடத்தில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் காலையில் காரணம் இல்லாமல் றோட்டில் நடந்தால் ஊர் அதற்கு ஒரு காரணம் கட்டிவிடும்.

பிறகு வீடு. காலை ஐந்தரை தொடக்கம் ஏழரை வரை என்பது எங்கள் வீடுகளில் புட்டு அவிக்கிற நேரம், பேரப்பிள்ளையை வெளிக்கிடுத்துகிற நேரம். பின்னேரம் என்றால் ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிற நேரம். பகலில் வெயில். ஆக, நடக்கச் சொல்லப்பட்ட 30 நிமிடம் எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒருவராவது எங்களோடு இருந்து தேடிப் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அடிக்கடி சலம் போகும். மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அடக்கி வைக்கவும் ஏலாது. நான் போய்ப் பார்த்த எங்கள் பக்கத்து விளையாட்டு மைதானங்களில் பெண்கள் போகக்கூடிய ஒழுங்கான மலசலகூடம் இல்லை. இருந்தாலும் திறப்பு யாரிடம் என்று தெரியாது. ஒரு மைதானத்தில் புதுப் பவிலியன் கட்டி விளக்கும் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டுக் காசு. நல்ல விசயம். ஆனால் மலசலகூடத்துக்குப் பூட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அந்த மைதானத்துக்கு இரண்டாம் நாள் வரமாட்டாள். ஏன் வரவில்லை என்று யாருக்கும் சொல்லவும் மாட்டாள். மைதானம் இருக்கிறது, மக்கள் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் எழுதப்படும்.

ஆண்களுக்கு வேறு கதை. கடை வைத்திருப்பவர் காலை ஏழு மணிக்குக் கதிரையில் இருந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழும்புவார். ஓட்டோ ஓடுகிறவரும் அப்படியே. இருபத்தைந்து வயது வரைக்கும் ஊர்க் கழகத்துக்கு உதைபந்து விளையாடினவர், கலியாணம் முடிந்த பிறகு மைதானத்து மதிலில் இருந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கிறார். மாவட்டம் முழுக்க மூலைக்கு மூலை விளையாட்டுக் கழகம் இருக்கிறது, சனசமூக நிலையம் இருக்கிறது. ஆனால் முப்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு அங்கே வேலை ஒன்று இருக்கிறதென்றால் அது தலைவர், செயலாளர், பொருளாளர் வேலைதான். எங்கள் அயலில் ஒரு பெரியவரை நடக்கக் கூப்பிட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "பிள்ளை, 95இல நாவற்குழிப் பாலத்தால நடந்ததோட எனக்கு நடை வெறுத்துப் போச்சு." போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த ஒக்ரோபர் இரவில் தாயைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். அவருக்கு நடை என்றால் உடற்பயிற்சி என்று அர்த்தமில்லை. ஒரு துண்டில் "30 நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தால் இது யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்கு விடிவு வந்தது ஒரு பெண்ணால். அவள் பிறந்தபோது நிறை நிறுத்தவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினவள், இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "மிஸ், நீங்கள் எங்கட வீட்டுக்கு எத்தினை தரம் வந்திருப்பியள்? இப்ப நான் வாறன். நாளைக்கு ஐஞ்சே முக்காலுக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ." அடுத்த நாள் படலையடியில் வந்து நின்றாள், கையில் ஒரு தடி, நாய்க்கு. அன்று வாசிகசாலை மட்டும் போய்த் திரும்பினோம். பத்து நிமிடம் இருக்கும். அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் கிழமை நான் அவளுக்கு முதல் படலையில் நின்றேன். இப்போது நாங்கள் பதினொரு பேர். இரண்டு பேர் ஆண்கள்.

அவள் ஒரு டொக்டரும் இல்லை, பயிற்றுவிப்பாளரும் இல்லை. எனக்குப் புதிதாக எதையும் சொல்லித் தரவுமில்லை. என் படலைக்கும் வாசிகசாலைக்கும் இடையில் இருந்த அந்த முந்நூறு மீற்றரை என்னோடு சேர்ந்து கடந்தாள். அவ்வளவுதான்.

இப்படிச் செய்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். இலண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா சொன்னாள். அத்தான் காலமான பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தாள். முழங்கால் நோ, நித்திரை இல்லை, பிறசர். குடும்ப டொக்டர் குளிசையோடு சேர்த்து ஒரு பெண்ணின் பெயரையும் கொடுத்தாராம். அந்தப் பெண் போன் எடுத்து, நேரே சந்தித்து, ஒரு மணித்தியாலம் கதைத்தாளாம். சீனி எவ்வளவு, நிறை எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. முதல் நீங்கள் என்ன செய்து சந்தோசமாக இருந்தீர்கள் என்று கேட்டாளாம். அக்கா பூங்கன்று வைப்பதையும் கோயில் வீதி கூட்டுவதையும் சொல்லியிருக்கிறாள். இரண்டு கிழமைக்குள் ஒரு பூங்காவில் நடக்கிற குழுவோடு அவளைச் சேர்த்துவிட்டு, முதல் இரண்டு தரமும் பஸ்ஸில் கூடவே போய் வந்திருக்கிறாள் அந்தப் பெண். மூன்றாம் தரம் அக்கா தனியே போனாள். இப்போதும் போகிறாள்.

அங்கே அந்த வேலையைச் செய்கிறவரை 'லிங்க் வேர்க்கர்' என்கிறார்கள். தமிழில் இணைப்பாளர் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, எங்கள் ஊரில் இணைப்பாளர் என்றால் மேடையில் கதிரை போட்டு இருப்பவர். இணைப்புப் பணியாளர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு இலண்டனில் புறொம்லி பை போ என்ற இடத்தில் 1984 இல் ஒரு பழைய தேவாலயத்தில் தொடங்கிய சமூக நிலையம் இந்த வழிக்கு முன்னோடிகளில் ஒன்று. எங்கள் ஆக்கள் நிறையக் குடியிருக்கும் ஈஸ்ற்ஹாமிலிருந்து நிலக்கீழ் ரயிலில் நாலு தரிப்பு. டொக்டரிடம் வருகிறவர்களின் வருத்தத்துக்கு மருந்து மட்டும் போதாது, தோட்டம், கைவேலை, ஆட்களோடு பழகுவது எல்லாம் வேண்டும் என்று கண்டு நடத்தினார்கள். 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை வெளியிட்ட நீண்டகாலத் திட்டத்தில், 2020/21 முடிவதற்குள் 1000 க்கு மேற்பட்ட இப்படியான பணியாளர்களை அமர்த்துவதாக எழுதினார்கள். அதற்கு முன்னரே, 2018 இல், சனிக்கிழமை காலையில் பூங்காக்களில் நடக்கும் 'பார்க்ரன்' என்ற ஐந்து கிலோமீற்றர் நடை, ஓட்டக் கூட்டத்தோடு குடும்ப வைத்தியர்களின் றோயல் கல்லூரி கைகோத்து, கிளினிக்குகள் தங்கள் நோயாளர்களை அங்கே அனுப்ப வழி செய்தது.

நன்மையை மட்டும் சொல்லி உங்களை நம்ப வைக்க நான் விரும்பவில்லை. 2017 இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, இந்த முறை பற்றிச் செய்யப்பட்ட 15 மதிப்பீடுகளைப் பார்த்துவிட்டு, பலன் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. ஆய்வுகள் சிறியவை, ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை என்பதே குறை. அதனால்தான் நாங்கள் செய்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு வைத்துச் செய்யவேண்டும் என்கிறேன்.

உடல் அசைவு நல்லது என்பதில் சந்தேகம் கிடையாது. 1953 இலேயே ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் இலண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதினார்: நாள் முழுக்க இருந்துகொண்டு ஓடிய சாரதிகளைவிட, படி ஏறி இறங்கி ரிக்கற் கொடுத்த கொண்டக்ரர்மாருக்கு மாரடைப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிட நடுத்தர அசைவும், இரண்டு நாளாவது தசைக்கு வலுக்கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதுக்கு மேல் என்றால் விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சி கிழமைக்கு மூன்று நாள். இந்தக் கடைசி விசயத்தை எங்கள் கிளினிக்குகளில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் தாய் தகப்பன் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மகன் கமெராவில் அம்மாவை இருபத்துநாலு மணித்தியாலமும் பார்க்கிறான். கிணற்றடியில் விழுந்தால் அதையும் பார்ப்பான். ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கப் பழக்கிவிட ஓர் ஆள் பக்கத்தில் இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விசயத்துக்கு வருகிறேன். இந்த வேலை எங்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரரிடமிருந்து படிக்கவேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லை. இலங்கையில் 1930களில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000 க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளுக்கு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி கட்டினதும் மருந்து வந்ததும் பெரிய காரணங்கள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் சைக்கிளில் போய் வந்த ஒரு பெண் இருந்தாள். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் வீட்டுக்கு வீடு போகிற வேலை எங்களுடையது. கர்ப்பிணி கிளினிக்குக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நாங்கள் வீட்டுக்குப் போவோம். மாமியார் விடவில்லையா, பஸ்ஸுக்குக் காசு இல்லையா, மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையா, புருசன் குடித்துவிட்டு அடித்தானா என்று திண்ணையில் இருந்து கேட்போம். அதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் எழும்புவோம். எத்தனையோ தரம் நானே ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். "கிளினிக்குக்கு வா" என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வராதவளைக் குற்றம் சொல்லியிருந்தால் அந்த எண்ணிக்கை இறங்கியிருக்காது.

அந்த அறிவு எங்கள் சுகாதாரத் துறையின் எலும்புக்குள் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு அதைப் பயன்படுத்தினோம். இன்று இலங்கையில் நடக்கும் சாவுகளில் ஐந்தில் நாலுக்கு மேல் சீனி, இருதயம், பிறசர், புற்றுநோய் போன்ற தொற்றாத வருத்தங்களால் வருகின்றன. அதற்கு மட்டும் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்.

2011 தொடக்கம் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நாடு முழுக்கத் திறக்கப்பட்டன. நிறை, உயரம், சீனி, பிறசர் எல்லாம் பார்க்கிறார்கள், ஆலோசனையும் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், ஆண்கள் வேலை நேரத்தில் வரமாட்டார்கள் என்பது நீங்களும் அறிந்த குறை. ஆனால் வந்த பெண்ணும் ஆலோசனையைக் கேட்டுவிட்டு வாசலைத் தாண்டினால், அங்கிருந்து மைதானம் வரைக்கும் அவளுக்கு யார் துணை?

அந்த இடத்தில் ஓர் ஆளை வையுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

யாரை வைப்பது என்று கேட்பீர்கள். தயவுசெய்து இருக்கிற குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இதையும் கட்டவேண்டாம். சுமார் 3000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, பல பிரிவுகளில் ஒருவரே இரண்டு பிரிவைப் பார்க்கிறார். அவளுக்கு இன்னொரு பதிவேடு கொடுத்தால் பதிவேடுதான் நிரம்பும். பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பட்டதாரிப் பிள்ளைகள். அவர்களில் சிலர் தங்களுக்கு நிறைவான வேலை இல்லை என்று என்னிடமே மனம் நொந்து சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு உத்தியோகத்தரும் அதே கட்டடத்தில் இருக்கிறார். அவர் கையில் மைதானங்களின் பட்டியல் இருக்கிறது, கிளினிக்கில் நோயாளர்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டு பட்டியலும் ஒரு மேசையில் சந்திக்கட்டும்.

மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவு இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை, அப்படித் தொடங்கியவை பதாகையோடு முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளில் தொடங்குங்கள். நகரத்துக்கு யாழ்ப்பாணம், தோட்டக் கிராமங்களுக்குக் கோப்பாய், தீவுக்கு வேலணை. ஒவ்வொன்றிலும் இருவர், ஓர் ஆண், ஒரு பெண். விருப்பமாக முன்வருகிறவர்கள், இடமாற்றத் தண்டனையாக வருகிறவர்கள் அல்ல. ஆறு பேர், பன்னிரண்டு மாதம். பெற்றோல் காசும் போன் காசும் ஒழுங்காகக் கொடுங்கள். ஒரு மாதம் பயிற்சி: எந்த ஆளை உடனே டொக்டரிடம் திருப்பி அனுப்பவேண்டும், நெஞ்சு நோவையும் தலைச்சுற்றையும் எப்படிக் கவனிப்பது, இன்சுலின் போடுகிறவர் ஏன் பொக்கற்றில் ரொபி வைத்திருக்கவேண்டும், காலில் உணர்ச்சி குறைந்தவர் ஏன் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. இயன்மருத்துவர் ஒருவர் கிழமைக்கு ஒரு தரமாவது அவர்களோடு இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயை மூடிக் காது கொடுக்கப் பழக்குங்கள். எங்களுக்குப் பயிற்சியில் அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

ஏனென்றால் ஒருவருக்குச் சரியானது மற்றவருக்குச் சரியில்லை. வெங்காயத் தோட்டத்தில் காலை தொடக்கம் மாலை வரை குனிந்து புல்லுப் பிடுங்குகிற பெண்ணுக்கு எதற்கு நடை? அவளுக்கு வேண்டியது நாரியை நிமிர்த்துகிற பயிற்சியும் ஓய்வும். காலை இழந்து செயற்கைக்கால் போட்டிருப்பவருக்கு யாழ் ஜெய்ப்பூர் நிறுவனத்தோடு கதைத்து வேறு வழி பார்க்கவேண்டும். நாவற்குழியைச் சொன்ன அந்தப் பெரியவர் இன்று வாசிகசாலை முற்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டுப் பழக்குகிறார். தானும் ஓடுகிறார். நடை என்ற சொல்லை நாங்கள் அவரிடம் திரும்ப எடுக்கவில்லை.

எங்கள் சனம் அசையாத சனம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவைப் பாருங்கள். முழங்கால் நோ என்று கிளினிக்கில் அழுகிற அதே அம்மா கோயிலடிக்கு நடந்து வருகிறாள், வெளிவீதி சுற்றுகிறாள், பெண்கள் அடியளிக்கிறார்கள், ஆண்கள் பிரதட்டை பண்ணுகிறார்கள். எழுபது வயதுக்காரர் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறார். பக்தி இல்லாமல் இது நடக்காது, அது வேறு. ஆனால் அந்த 25 நாளும் அங்கே வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுகாதார உத்தியோகத்தரின் கண்ணால் பாருங்கள். வீதி வாகனத்துக்குப் பூட்டியிருக்கிறது. காலுக்கு மணல் போட்டிருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது, தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, தற்காலிக மலசலகூடம் இருக்கிறது, பொலிஸ் நிற்கிறது. அயலட்டை ஒன்றாக வெளிக்கிடுகிறது. எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வளவும் கிடைத்தால் யாழ்ப்பாணத்துப் பெண் நடப்பாள். கொடியிறங்கின அடுத்த நாள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு, நடவுங்கோ என்கிறோம்.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் இதை வாசித்தால்: கிழமைக்கு இரண்டு நாள், காலை ஐந்தரை தொடக்கம் ஏழு வரை, ஊருக்கு ஒரு வீதியை வாகனத்துக்குப் பூட்டிப் பாருங்கள். ஒரு கயிறும் இரண்டு ஆட்களும் போதும்.

சனசமூக நிலையத்தாருக்கும் கழகத்தாருக்கும் உரிமையோடு ஒரு வார்த்தை. தம்பிமாரே, உங்களில் பாதிப்பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் நான். மைதானத்தை உங்கள் அம்மாமாருக்கும் திறந்துவிடுங்கள். காலையில் ஒரு மணித்தியாலம் போதும், அந்த நேரம் நீங்களும் விளையாடுவதில்லை. மலசலகூடத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். வெளிநாட்டுக் கிளையிடம் அடுத்த தரம் காசு கேட்கும்போது, பவிலியனுக்கு இன்னொரு தட்டுப் போடுவதற்கு முதல், பெண்களுக்கு ஒரு மலசலகூடமும் முதுகு சாய்க்கக்கூடிய நாலு வாங்கும் கேளுங்கள். ஆண்டு விழாவில் முதியோருக்குச் சங்கீதக் கதிரை வைத்துப் பரிசு கொடுப்பது எனக்கும் சந்தோசம்தான், ஆனால் அது வருடத்தில் ஒரு நாள்.

கணக்கு வைப்பது பற்றி முன்னர் சொன்னேன். எத்தனை கூட்டம் வைத்தோம், எத்தனை பேர் ரீ சேர்ட் போட்டுப் படம் எடுத்தோம் என்ற கணக்கு வேண்டாம். கிளினிக்கிலிருந்து எத்தனை பேரின் பெயர் வந்தது, அதில் எத்தனை பேரைப் பணியாளர் வீட்டில் போய்ச் சந்தித்தார், எத்தனை பேர் முதல் நாள் வந்தார்கள், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எத்தனை பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். வராமல் விட்டவர் ஏன் விட்டார் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். அந்தக் கடைசிப் பத்தி நிரம்பியிருந்தால் திட்டம் உண்மையாக நடக்கிறது என்று எனக்கு விளங்கும். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பக்கத்தில் இருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க அவர்களைக் கேளுங்கள். பன்னிரண்டு மாதத்தின் பின் பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள், நான் மறு வார்த்தை சொல்லமாட்டேன்.

எங்கள் பதினொரு பேரில் ஒருவர் போன மாதம் வருவதை நிறுத்திவிட்டார். மூன்று நாள் காணாததால் நான் வீட்டுக்குப் போனேன். மருமகளுக்குக் கைக்குழந்தை, காலையில் பிடிக்க ஆள் இல்லை. இப்போது அவருக்காக இரண்டு பேர் பின்னேரம் ஐந்து மணிக்கு நடக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எடுத்தது ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். இன்னும் இருபது வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போக எனக்கு முழங்கால் விடாது. அதனால்தான் உங்களிடம் ஆள் கேட்கிறேன்.

எங்கள் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். நீங்கள் தெரிவுசெய்கிற அந்தப் பிள்ளைகளை ஒரு செவ்வாய் காலை அனுப்பி வையுங்கள். வெளி வாங்கில் என் பக்கத்தில் இருத்தி, யாருடைய படலைக்கு முதல் போகவேண்டும் என்று காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.